ஐந்தாம் இருக்கையிலிருந்து தெரிந்த தேங்காய்

விதி இதுதான். மாடல் டிராயிங் தேர்வில், பார்த்து வரைவதற்காக அடுக்கிய பொருள்களில் ஏதேனும் ஒன்று உடைந்தாலோ கெட்டாலோ, தேர்வு தொடங்குமுன் அதே வகைப் பொருள் வேறொன்றை வைத்து, அந்த விவரத்தைக் கண்காணிப்பாளர் தம் அறிக்கையில் எழுத வேண்டும். தேர்வு எழுதுகிறவர் ஒவ்வொருவரும் பொருள்களுக்கு எந்தத் திசையில், எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருந்தார் என்று காட்டும் இருக்கைப் படம் ஒன்றையும் விடைத்தாள்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். சங்கரன்கோவில் கடைத்தெருவில் ஒரு தேங்காய் வாங்கி வர ஐந்து நிமிடம் ஆகும். ஒரு தாளை உறைக்குள் போட அதுகூட ஆகாது. இந்த இரண்டையும் செய்யாமல் இருக்க ஒரு பள்ளிக்கூடமே ஒரு வருடம் பாடுபட்டது.

விதிகளோடு முப்பத்து நாலு வருடம் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இதை வாசிக்கும் ஓய்வூதியக்காரர்களே, நீங்களும் அப்படித்தான். இப்போது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறீர்கள். தலைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம் தொங்கும். கூடையில் திராட்சை, ஆப்பிள், பக்கத்தில் ஒரு கூஜா. பார்க்க அமைதியாக இருக்கிறது என்பீர்கள். எனக்கு அந்தப் படத்தைக் கண்டால் காபி இறங்காது. பெண்ணின் படம் என்றால் அவள் கிழவியாகும்வரை பொறுமையாக இருப்பாள். மலையின் படம் என்றால் மலை அங்கேயே கிடக்கும். பழத்தை அடுக்கிவைத்து வரைகிறவனுக்கு மட்டும் அவகாசம் இரண்டு நாள். மூன்றாம் நாள் அது என்ன ஆகும் என்பதை எந்தப் படமும் சொல்வதில்லை. நான் பார்த்திருக்கிறேன். முகர்ந்தும் இருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐம்பதுகளின் தொடக்கம். கோயிலுக்குத் தெற்கே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அப்பா தலைமைக் குமாஸ்தா. பள்ளியின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். இருபத்திரண்டு வயது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. டிராயிங்கில் கீழ்நிலைத் தேர்வு தேறியிருந்தாள். மேல்நிலையும் தேறிவிட்டால் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. தை மாதம்வரை அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

தேறாவிட்டால் பக்கத்து ஊரான திருவேங்கடத்து மிளகாய் வற்றல் வியாபாரி. நாற்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர். பெண் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அப்பாவின் கண்ணுக்கு அவர் மகானாகத் தெரிந்தார்.

அந்த மகான் மாதம் ஒரு முறை வருவார். வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். ஒவ்வொரு பழத்தையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, கனிந்ததை எல்லாம் அவரே தின்றுவிட்டு, தோலை நாற்காலிக்கு அடியில் தள்ளுவார். நகக்கண்ணில் எப்போதும் மிளகாய்ப்பொடி. ஒரு நாள் சித்தி வரைந்து காயவைத்திருந்த படத்தைக் கையில் எடுத்தார். அதிலும் வாழைப்பழம்.

"இதுல கனிஞ்சது எது?" என்று கேட்டு, படத்தையும் கட்டை விரலால் அமுக்கினார்.

தாளில் செந்நிறமாக ஒரு ரேகை விழுந்தது. சித்தி அந்தத் தாளை எடுத்துப்போய் அடுப்பில் போட்டாள்.

மாடல் டிராயிங் என்றால் எதிரே இருப்பதைப் பார்த்து வரைவது. மனத்தில் இருப்பதை அல்ல. சித்தி அதைத்தான் நாள் முழுக்கப் பழகினாள். கத்திரிக்காய், சுரைக்காய், செம்பு, உப்பு ஜாடி. அவள் வரைந்து முடிக்கும்வரை அம்மா காய் நறுக்கக் கூடாது.

"ஏட்டி, கத்திரிக்காய எடுத்துக்கிடட்டா? ஒங்க அத்தான் பசியோட வருவாக."

"இன்னும் நெழலு முடியலக்கா."

"நெழலையா கொழம்பு வைக்கப் போறேன்? காயைக் குடு. நெழலை நீயே வச்சுக்கோ."

ஆனி மாதம் தேர்வு. எங்கள் பள்ளிதான் மையம். தலைமையாசிரியர்தான் கண்காணிப்பாளர். எழுதுகிறவர்கள் ஐந்தே பேர். என்ன பொருள்களை எப்படி வைக்க வேண்டும் என்ற பட்டியல் சென்னை அலுவலகத்திலிருந்து உறையில் வந்தது: பித்தளைக் குடம் ஒன்று, அதன் வாயில் தேங்காய் ஒன்று, அடியில் வாழைப்பழம் ஒரு சீப்பு, எலுமிச்சம்பழம் இரண்டு, பூசணிக்காய் ஒன்று, கீழே வெள்ளைத் துணி. முந்தின நாள் மாலையே தலைமையாசிரியர் ஹாலின் நடுவில் மேசை போட்டு இதையெல்லாம் அடுக்கி, பட்டியலில் கையெழுத்தும் போட்டார். மேசையைச் சுற்றி வட்டமாக ஐந்து இருக்கைகள்.

சென்னையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதியவருக்கு அது பித்தளையின் பளபளப்பு, தேங்காயின் சொரசொரப்பு. எங்கள் ஊரில் குடத்தின் வாயில் தேங்காயை வைத்து, கீழே பழத்தையும் எலுமிச்சையையும் வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை வேறு.

காலையில் சித்தி குளிக்கப் போயிருந்தாள். பரீட்சைப் பழங்களைப் பார்க்கும் ஆசையில் நான் வேலி வழியாக நுழைந்து ஹாலுக்குப் போனேன். சூடம் மணத்தது. பியூன் அண்ணாச்சி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றிருந்தார். குடத்துக்கு மூன்று இடத்தில் மஞ்சள் குங்குமம். ஓர் எலுமிச்சை இரண்டாக அறுபட்டுக் குங்குமம் தடவிக் கிடந்தது. தேங்காய் வாசல் படியில் உடைந்து கிடந்தது, மூன்று துண்டாக.

"என்ன அண்ணாச்சி, ஒடச்சிட்டிய?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா கும்பத்த வச்சுட்டு, ஒரு சூடங்கூடக் காட்டாம போயிருக்காக பெரியவுக. படிச்சவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியுது? பரிச்சை எழுதுத பிள்ளைய நல்லாருக்கணும்லா? கையை நீட்டு."

என் நெற்றியில் குங்குமத்தை அப்பினார். மூன்று துண்டில் சின்னதை, ஓட்டோடு, என் கையில் வைத்தார். நான் சுரண்டித் தின்றேன். இனிப்பான தேங்காய். அதைச் சொல்லவே இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஓட்டை வேலியோரம் எறிந்துவிட்டுத் திரும்பியபோது ஹாலுக்குள் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றேன். பியூன் அண்ணாச்சி கைகட்டி நின்றார். அப்பாவும் இருந்தார்.

"வேற தேங்கா வாங்கியாரச் சொல்லட்டா சார்?" என்றார் அப்பா.

"லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டது இந்தத் தேங்காய்க்கு. மாத்துனா அறிக்கையில எழுதணும். எழுதுனா, ஹாலை ஏன் பூட்டலேன்னு கேப்பான். ஒட்டிருவோம்."

"ஒட்டிருவோம் சார்."

அலுவலகத்தில் உறை ஒட்டுகிற பசை டப்பாவை நீட்டியது அப்பாதான். இரண்டு பெரிய துண்டுகளையும் சேர்த்து, விரிசல்மேல் நாரை இழுத்துவிட்டு, குடத்தின் வாயில் உட்கார வைத்தார்கள். மஞ்சளையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்தார்கள். அறுத்த எலுமிச்சையின் பாதிகளையும் பசை போட்டு மூடினார்கள். குங்குமம் விளிம்பில் கசிந்தது. தேங்காயில் ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பொத்தல். அதன் துண்டு என் வயிற்றில் இருந்தது. சுற்றிலும் இருக்கை. பொத்தல் யாராவது ஒருவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

தலைமையாசிரியர் தேங்காயை மெல்லத் திருப்பினார்.

"அஞ்சாம் நம்பரு ஒங்க வீட்டுப் பிள்ளைதான? அனுசரிச்சுக்கிடும்லா?"

அப்பா ஒரு கணம்தான் யோசித்தார்.

"அனுசரிச்சுக்கிடும் சார்."

மதியம் சித்தி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். பொத்தலையும், அதன் உள்ளே தெரிந்த வெள்ளைப் பருப்பையும், விரிசலில் பிதுங்கிய பசையையும், எலுமிச்சை விளிம்பில் இருந்த சிவப்பையும் அவள் அப்படியே வரைந்திருந்தாள். தலைமையாசிரியர் அவள் பின்னால் வந்து நின்றாராம்.

"தேங்காய முழுசாப் போட்ருங்கம்மா."

"முழுசா இல்லியே சார்."

"மத்த நாலு பேரும் முழுசாத்தான போட்ருக்காக?"

"அவுக இருக்க எடத்துல அது முழுசு. இங்கன இல்ல."

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு தேங்காய முழுசா வரையதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

"பாக்கதைத்தான வரையணும்னு விதி, அத்தான்? நீங்கதான வாசிச்சுக் காட்டுனிய?"

விதி என்ற சொல்லுக்கு அப்பா எப்போதும் கட்டுப்படுவார். அன்றிரவே அவளுக்காக ஒரு மனு எழுதினார். எத்தனை அழகான மனு என்கிறீர்கள்! பார்வை, பொருள், பத்தி எண், 'தங்கள் மேலான கவனத்துக்கு'. தேங்காயை யார் உடைத்தார், யார் ஒட்டினார் என்பதைத் தவிர எல்லாம் இருந்தது. முறைப்படி அதைத் தலைமையாசிரியர் வழியாகவே அனுப்பினார். அதாவது, திருடனைப் பற்றிய புகாரைத் திருடன் கையில் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். இருக்கைப் படம் மட்டும் விடைத்தாள் உறைக்குள் போகவில்லை. அதைத் தலைமையாசிரியர் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தப் படம் போயிருந்தால் ஐந்தாம் இருக்கைக்கு மட்டும் பொத்தல் ஏன் தெரிந்தது என்று சென்னையில் ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

புகார் என்று ஒன்று வந்துவிட்டால், பதில் வரும்வரை பொருள்களைத் தொடக் கூடாது என்று அப்பாவே எடுத்துச் சொன்னார். ஹாலைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். சித்திக்கு அதில் சந்தோஷம்தான். "யாரு வந்து பாத்தாலும் உண்மை அங்கன இருக்குல்லா?" என்று அம்மாவிடம் சொன்னாள்.

உண்மை அங்கேயே இருந்தது. ஆனி வெயிலில் இருந்தது.

முதல் வாரம் பழுத்த வாழையின் வாசனை. இரண்டாம் வாரம் அது புளித்துப்போன கள்ளின் வாசனை. பிறகு பூசணிக்காய் பொறுப்பேற்றுக்கொண்டது. பூசணி அழுகின நாற்றத்தை விவரிக்க எனக்குத் தெரியாது. செத்த எலியை மோரில் ஊறவைத்த மாதிரி என்றால் கிட்டத்தட்ட வரும். கதவுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் கசிந்து, காய்ந்து, பொருக்காக ஒட்டிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் கொசு போன்ற சின்ன ஈக்கள் கறுப்புத் துணி போர்த்தியது போல அப்பியிருந்தன. பள்ளிக்கூடம் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தமிழ், கணக்கு, சரித்திரம் படித்தது. வகுப்பில் ஒருவன் வாந்தி எடுத்தால் ஆசிரியர் அவனைத்தான் அடித்தார். ஹாலின் பூட்டை யாரும் தொடவில்லை. முத்திரை இருந்ததே!

எங்கள் வீட்டுக்குக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். அம்மா சமையலில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டாள். நாற்றத்தோடு பெருங்காயமும் சேர்ந்ததுதான் மிச்சம்.

அந்த நாள்களில் ஒரு முறை நான் அப்பாவிடம் சொன்னேன், பியூன் அண்ணாச்சி தேங்காய் உடைத்ததை, நான் தின்றதை, ஜன்னலில் நின்றதை. அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி நின்றது.

"நீ அங்கன போகவே இல்ல. என்ன?"

"போனேம்பா."

"போகலட்டி. பியூனுக்கு நாலு பிள்ளைய. அவன் வேலை போயிரும். எனக்கும் போயிரும். நீ போகல."

போகவில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி ஆடித் தபசு நேரத்தில் வந்தார். ஊர் முழுக்கக் கூட்டம், தங்க இடம் இல்லை, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அந்தக் கோபத்தோடு முத்திரையை உடைக்கச் சொன்னார். தலைமையாசிரியர், அப்பா, பியூன் அண்ணாச்சி, சித்தி எல்லாரும் நின்றார்கள். நான் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. அசையாப் பொருள்கள் என்று பட்டியலில் போட்டிருந்தது. மேசை முழுக்க அசைந்தது. வெள்ளைத் துணியின் மேல் வெள்ளையாக நெளிந்தது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பூசணிக்காய் தன் தோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டிருந்தது. வாழைப்பழம் கறுப்பாக உருகி மேசைக்காலில் வழிந்திருந்தது. எலுமிச்சை இரண்டும் பச்சை மயிர் முளைத்த உருண்டைகள். குங்குமம் எங்கே, பூஞ்சை எங்கே என்று தெரியவில்லை. குடம் மட்டும் களிம்பேறி நின்றது. தேங்காய் தரையில், எலிப்புழுக்கைக்கு நடுவே, இரண்டு வெறும் ஓடுகளாகக் கிடந்தது.

அதிகாரி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பட்டியலை வாசித்தார்.

"தேங்காய் ஒன்று. எங்கய்யா?"

"அந்தா, அதுதான் சார்," என்றார் தலைமையாசிரியர்.

"உடைஞ்சிருக்கே. யார் உடைச்சது?"

"எலி சார்."

"எலி தேங்காய் உடைக்குமாய்யா?"

"சங்கரன்கோவில் எலி ஒடைக்கும் சார்," என்றார் அப்பா.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்றம் அதிகமாகவே, எழுதிக்கொண்டார். திரும்பும்போது நான் கண்ணில் பட்டேன்.

"இந்தப் பாப்பா வீடு பின்னாலதானே? ஏம்மா, பரீட்சை அன்னைக்குக் காலையில யாராவது தேங்காய் உடைச்ச சத்தம் கேட்டுதா?"

பியூன் அண்ணாச்சி துண்டால் நெற்றியைத் துடைத்தார். அப்பா கையிலிருந்த வருகைப் பதிவேட்டில் எதையோ தேடினார். சித்தி என்னைப் பார்த்தாள். என் கண்ணை அல்ல, என் நெற்றியை.

"இல்ல," என்றேன்.

சொல்லிவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தேன். நாற்றத்தால்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அம்மா கோயில் புற்றுமண்ணை மருந்தாகக் கரைத்துக் கொடுத்தாள். அதையும் வாந்தி எடுத்தேன்.

'பொருள்கள் இனங்காணும் நிலையில் இல்லை' என்று அறிக்கை போயிற்று. புரட்டாசியில் முடிவு வந்தது. நாலு பேர் தேர்ச்சி. சித்தி தேறவில்லை. காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: கண்முன் இல்லாததைக் கற்பனையாக வரைந்துள்ளார். சித்தி அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு பென்சில்களை எல்லாம் எடுத்து எனக்குக் கொடுத்தாள். மறுபரிசீலனைக்கு அப்பா இன்னொரு மனு எழுதினார். அது இன்னும் அழகாக இருந்தது. அதிலும் இருக்கைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயமா, அல்லது எதுவும் வேண்டாம் என்று சொன்ன மகானை நழுவவிட மனசில்லையா? எனக்கு இன்றும் தெரியாது. எத்தனையோ கோப்புகளை வாசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த ஒரு கோப்பை வாசிக்க எனக்கு வயிறு ஒத்துழைப்பதில்லை.

தையில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வேலைக்கு வேறு ஆள் வந்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்: ஆவணி பதினொன்று, ஆகஸ்ட் இருபத்தேழு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். முன்னறையில் சீர் வைத்திருந்தார்கள். பித்தளைக் குடம், அதன்மேல் தேங்காய், சுற்றிலும் வாழைப்பழம், எலுமிச்சை. என்னால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை. சித்தி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மருதாணி.

"சித்தி, உள்ள வாயேன்."

"இங்கன உக்காரு." உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் குளிச்சிட்டு வரும்போது ஒன் நெத்தியில குங்குமம் இருந்துச்சு. ஹால்ல போயி உக்காந்தா எலுமிச்சம்பழத்துலயும் அதே குங்குமம். நம்ம வீட்டுக் குங்குமம் கருஞ்செவப்பு. அது ஆரஞ்சு கலந்த செவப்பு. கலரு தெரியாமலாட்டி நான் பரிச்சைக்குப் போனேன்?"

நான் உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொண்டேன்.

"நீ சொல்லிருந்தா அந்த பியூன் மனுசன் வேலை போயிருக்கும். ஒங்கப்பா வேலையும் போயிருக்கும். அதான் நான் ஒன்னயக் கேக்கல." மருதாணிக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஆனா நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்."

மறுநாள் வியாபாரி மணவறையில் உட்கார்ந்துகொண்டே சீர்த்தட்டுப் பழத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அன்று மாலையே அவர்கள் திருவேங்கடம் போனார்கள்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பழைய பீரோவைத் திறந்து ஒழுங்குபடுத்தியபோது ஓர் இருக்கைப் படம் கிடைத்தது. இது ஏன் சென்னைக்குப் போகவில்லை என்று அப்பாவைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், ஒரு வரி எழுதி அவரே தபாலில் சேர்த்துவிட்டார். அவருக்கு அதில் எந்தக் கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பதில் வந்தது. ஐந்தாம் இருக்கையின் கோணத்தை ஒப்பிட்டுப் பார்த்ததில், தேர்வர் கண்டதைக் கண்டவாறே வரைந்துள்ளார் என்று தெரிகிறது. ஒளியும் நிழலும் மற்ற நால்வரின் படங்களோடு பொருந்துகின்றன. எனவே அவர் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுகிறார். அப்பா அதை நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து, கடித வரவுப் பதிவேட்டைத் திறந்து, எண் போட்டு, தேதி முத்திரையைத் திருகிச் சரிபார்த்து, மையில் ஒற்றி, கடிதத்தின் மூலையில் கோணாமல் குத்தினார். ஆகஸ்ட் முப்பது.